கன்றுத் தோலும் ஏ.சி.யும்

மெம்ஃபிஸில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. தேவாலயத்தின் பக்கவாசலில் எலரி பிராட்னாக்ஸ் தன் பழைய டிரம்ஸை இறக்கி வைத்தார். கைக்கு நேரே இருக்கும் சின்ன டிரம்மைத் தட்டினார். தொப்பென்றது. ஈரத்தில் கன்றுத் தோல் தொய்ந்து கிடந்தது. திருகுகளையெல்லாம் சாவி போட்டு இறுக்கினார்.

தங்கை வெர்டெல் குடையோடு வந்தாள். தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் இன்றுதான் ஆராதனையில் முதல் பாட்டு.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கலேன்னா பாட்டுக்குழு அங்கியை மடிச்சுக் குடுத்துருவேன்ணே. இனிமே பாடறதில்ல."

"கேக்கும். வாயை மூடு, தொண்டையாவது மிஞ்சும்."

"வாயை மூடிக்கிட்டு எப்படிப் பாடறது?"

எலரி சிரிக்கவில்லை. வியாழக்கிழமை ஒத்திகையில் அவள் பாடியது அவருக்கே கேட்கவில்லை. இங்கே வழக்கமாக வாசிக்கும் பையன் கென்டலின் புது டிரம்ஸ் விழுங்கிவிட்டது. மைக்கைக் கூட்டினார்கள். டிரம்ஸும் சேர்ந்து கூடியது. இந்த ஒரு பாட்டுக்கு நான் வாசிக்கிறேன் என்று பாஸ்டரிடம் மல்லுக்கட்டித்தான் அனுமதி வாங்கியிருந்தார்.

உள்ளே கென்டல் தன் பளபளக்கும் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"பெரியவரே, நோவா காலத்துப் பேழையிலிருந்து இறக்கிட்டு வர்றீங்களா?"

"உன்னைப் பேழையில ஏத்தியிருந்தா யானையே தண்ணியில குதிச்சிருக்கும்டா."

பேச்சில் குறைச்சலில்லை, சத்தத்திலும் இல்லை. அவனுடையது தடித்த மரம், கூரான விளிம்பு, மேலே பிளாஸ்டிக். சும்மா தொட்டாலே துப்பாக்கி வெடித்த மாதிரி கடைசிச் சுவரில் போய் அடிக்கும். எலரியுடையது மெல்லிய மரம், மழுங்கின விளிம்பு, தோல். டப்பென்று ஒலித்து அங்கேயே அடங்கிவிடும். பாடுகிறவளுக்கு இடம் விடும். கூட்டம் மிரளவேண்டும் என்றுதான் இந்தப் பையன்கள் வாசிக்கிறார்கள் என்பது எலரியின் எண்ணம்.

காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்குள் மாட்டியிருந்த பல்பை எரியவிட்டார். அந்தச் சூட்டில் தோல் காய்ந்தபிறகு அதைச் சுருதி சேர்த்தார். சின்னதை மட்டும் மறுபடி தொடவில்லை. வெளியே இறுக்கியதே போதும் என்றிருந்தார்.

வெர்டெல் ஆரம்பித்தாள். குரல் மெலிசுதான், ஆனால் கேட்டது. எலரிக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் கழுத்தில் குளிர் காற்று பட்டது. நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே புது ஏ.சி. வாய். கோடையில் மாட்டியது. இந்தச் செட்டை இங்கே கடைசியாக வாசித்தபோது அது கிடையாது, ஜன்னல்கள் திறந்திருந்தன.

ஈரத்தில் இறுக்கிய தோல் காற்றில் காய ஆரம்பித்துவிட்டது. டப் என்றிருந்தது டிக் என்றானது. அடுத்த அடியில் கீச்சிட்டது. திருகைத் தளர்த்தக் கை ஒழியவில்லை. மெதுவாக அடித்தார். இன்னும் மெதுவாக.

படாரென்று தோல் கிழிந்தது.

வெர்டெல் திரும்பினாள். குரல் ஆடியது. எலரியின் கால் மட்டும் நிற்கவில்லை. பல்பின் சூட்டில் பெரிய டிரம் தும் தும்மென்று தாங்கியது. ஓரக்கண்ணில் கென்டல் எழுந்திருப்பது தெரிந்தது. தொலைந்தது, இவன் தொடங்கிவிடுவான், அவள் அங்கியை மடிப்பாள்.

கென்டல் தன் சின்ன டிரம்மை ஸ்டாண்டோடு தூக்கினான். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி அதன் மேல் விரித்தான். கிழிந்ததைக் காலால் தள்ளிவிட்டு எலரியின் முழங்கால்களுக்கு நடுவே இதை வைத்தான்.

"விரிச்சது நகராம பாத்துக்குங்க," என்று காதோடு சொன்னான்.

சந்தேகத்தோடுதான் எலரி குச்சியை இறக்கினார். டப். அங்கேயே அடங்கியது.

வெர்டெல் அண்ணனைப் பார்த்தாள், பிறகு முன்னால் திரும்பினாள். கடைசிச் சரணத்தை எடுத்தாள். அடித்தொண்டையிலிருந்து கரகரத்து மேலே ஏறியது. கடைசி பெஞ்சில் ஓசெல்லா அம்மா விசிறியை உயர்த்தினாள்.

"பாடுடி மவளே! எடுத்துப் பாடு!"

பாட்டு முடிந்து கூட்டம் கைதட்டும்போது கென்டல் குனிந்தான்.

"என் டிரம் நல்லாயிருக்குல்ல, பெரியவரே?"

"கைக்குட்டை நல்லாயிருக்கு," என்றார் எலரி. அதை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த வாரமும் அவ பாடுவா. நீயே வாசி. ஆனா இது எங்கிட்டதான் இருக்கும். நானே வந்து விரிப்பேன்."