கடைசிக் குழியில் இரண்டு விதை

நாத்தனார் குளிர்பெட்டியைக் கழுவித் துடைத்ததில் விதைப் பாட்டில்கள் இடம் மாறிவிட்டன. என் கணவர் எந்தப் பாட்டிலிலும் பெயர் எழுதியவரில்லை. மேல்தட்டின் இடது ஓரம் இலைக்கோஸ், பக்கத்தில் கடுகுக்கீரை. அவருக்கு அது போதும். இப்போது இரண்டு பாட்டிலிலும் ஒரே மாதிரி கருஞ்சிவப்பு உருண்டைகள்.

“அண்ணனைக் கேளுங்களேன் அண்ணி,” என்றாள். “இதைக்கூட சொல்ல முடியலன்னா, நாற்றுப்பண்ணைய நாமளே பாத்துக்கலாம். அவரு வீட்ல இருக்கட்டும்.”

மறதி நோய் அவரிடம் விட்டுவைத்திருந்தது இந்த நாற்றுக் கொட்டகையை மட்டும்தான். தினமும் கண் விழித்ததும் என்ன கிழமை என்று என்னைக் கேட்பார். நான் சொல்வதை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார்.

அவர் விதைகளை உள்ளங்கையில் உருட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“இதுதான் கோஸ். ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி சேந்துகிட்டு எனக்கே பரீட்சை வெக்கிறீங்களா?”

நாத்தனார் சிரித்தாள். நான் தேவைக்கு மேல் சிரித்தேன்.

நாற்றுவிடும் குழித்தட்டில் அவரே விதைத்தார். குழிக்கு ஒன்று, கடைசிக் குழியில் மட்டும் துணைக்கு இன்னொன்று. அது அவர் வழக்கம். அவர் போனதும், மற்ற பாட்டிலிலிருந்து நானும் ஒரு தட்டு விதைத்துக் கொட்டகைக்குப் பின்னால் மறைத்தேன்.

விதையிலைகள் இரண்டிலும் ஒன்றுபோலவே விரிந்தன. அடுத்து வந்த இலைதான் காட்டிக்கொடுத்தது. என்னுடையது வழவழவென்று, நீலம் பூத்த பச்சை. அவருடையதில் பொடிப்பொடியாய்ச் சுணை. அவர் விதைத்தது கடுகு. எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, அவர் வேண்டுமென்றே என்னைக் கைவிட்டதுபோல. நாத்தனார் வருவதற்குள் தட்டுகளை மாற்றி வைத்தேன்.

“கோஸேதான்! அண்ணே, நீ கில்லாடி!” என்றாள் அவள்.

அவர் முகம் மலர்ந்தது. இலைகளை விரலால் வருடிக்கொண்டே போனவர் கடைசிக் குழியில் நின்றார்.

“ஒண்ணுதானே இருக்கு.”

“இன்னொண்ணு முளைக்கல போல,” என்றேன்.

நகத்தால் மண்ணைக் கிளறினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“என் தட்டு எங்க?”

நாத்தனார் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். வேறு வழியில்லாமல் எடுத்து வந்தேன். கடைசிக் குழியில் இரண்டு நாற்றுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. அவர் ஓர் இலைக்கு அடியில் கட்டைவிரலைக் கொடுத்துத் தடவினார்.

“குத்துது,” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கேட்டார்.

“இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழன்.”

எழுந்துபோய்க் காலண்டர் முன்னால் நின்றார். நேற்றைய தாளை நான் இன்னும் கிழித்திருக்கவில்லை.

“இதுல புதன்னு இருக்கே,” என்றார், திரும்பாமலே.