ஏரியைப் பார்த்த அறை

"குளிக்கிற உடுப்பு. நீலம்," என்றாள் ரோஸ்விதா. அதைச் சொல்வதற்குள் மூச்சு இரண்டு முறை நின்று வந்தது.

எவால்ட் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டில் எழுதினார். பக்கத்தின் நடுவே கோடு கிழித்திருந்தது. இடப்பக்கம் அவள் சாமான், வலப்பக்கம் அவர் சாமான். இருபத்தேழு வருடமாக அப்படித்தான். குளிர்காலத்தில் அவள் சொல்லச்சொல்ல அவர் எழுதுவார். ஜூலையில் இருவரும் பெட்டியோடு ஆஸ்திரியாவின் ஸெல் ஏரிக்கு ரயிலேறுவார்கள். ஒரே ஒரு வருடம், தானே பெட்டி கட்டுகிறேன் என்று வீம்பு பிடித்து, மாற்றுக் கால்சட்டை ஒன்றுகூட இல்லாமல் அங்கே போய் இறங்கினார். அதன்பின் இந்த விஷயத்தில் அவர் பேச்சு எடுபடுவதில்லை.

இந்த வருடம் அவள் கட்டில் கூடத்துக்கு வந்திருந்தது. ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சமையலறையில் வைத்துச் சொல்லிவிட்டுப் போய் நான்கு நாள் ஆகிறது.

"உன் பக்கத்துல எழுது. சுடுதண்ணிப் பை."

"ஜூலையிலயா? சனங்க சிரிக்கும்."

"எழுதுய்யா."

எழுதினார். அப்படி ஒரு பை இதுவரை அந்த வீட்டிலேயே இருந்ததில்லை. மருந்து மயக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று பிப்ரவரி இரண்டு, மெழுகுவர்த்தித் திருநாள். ஏரிக்கரை விடுதிக்காரி பூர்கிக்கு அதுதான் கெடு நாள். பழைய விருந்தாளிகள் அன்று நடுப்பகலுக்குள் போன் செய்து வருகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். மணி பன்னிரண்டு அடித்துவிட்டால் அறை அடுத்தவருக்கு. இவர்கள் வழக்கமாகத் தங்கும், ஏரியைப் பார்த்த மூலை அறைக்கு ஒன்பது குடும்பம் காத்திருந்தது. பூர்கி நல்லவள்தான், ஆனால் அந்த விஷயத்தில் பெற்ற தாய் வந்து கேட்டாலும் மசியமாட்டாள்.

மகள் சில்கே பதினொரு மணிக்கே அப்பாவைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்ச் சண்டை பிடித்தாள். நடக்காத பயணத்துக்கு எதற்கு வாக்குக் கொடுப்பது, பூர்கியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எவால்டுக்கும் பொய் சொல்லிப் பழக்கமில்லை. முப்பத்தொரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அங்கே ஒருவன் பொய் சொன்னால் இன்னொருவன் உயிர் போகும்.

அந்த ஏரியைக் கண்டுபிடித்தது ரோஸ்விதாதான். கோயில் பத்திரிகையின் கடைசிப் பக்க விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, வருடத்தில் இரண்டு வாரமாவது இந்த மனுஷன் வெளிச்சத்தில் உட்காரட்டும் என்றாள். முதல் நாள் காலை பால்கனியில் நின்று தண்ணீரையும் எதிரே பனி போர்த்த மலையையும் பார்த்து அவர் அழுதுவிட்டார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு அவர் போனைக் கட்டில்வரை இழுத்து வந்தார். சில்கே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எவால்டு அண்ணனா? இன்னும் காணோமேன்னு கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் பூர்கி. "ரெண்டு பேரும்தானே?"

ரோஸ்விதாவின் கண் அவர் வாயின்மேல் இருந்தது.

"ரெண்டு பேரும்தான்," என்றார்.

பிறகு ரிசீவரை அவள் காதில் வைத்தார். பூர்கி ஏதோ சொன்னாள். ரோஸ்விதா சிரித்தாள். "ஏரி உறைஞ்சு கெடக்காம். பிள்ளைங்க சறுக்கி விளையாடுதாம்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதுதான் கடைசியாகப் பேசியது.

மாலை நாலு மணிக்கு எவால்ட் காப்பி வடித்துக்கொண்டிருந்தபோது சில்கே கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார், ரோஸ்விதாவின் கன்னத்தைத் தொட்டார், போய் ஜன்னலைத் திறந்துவைத்தார். போகிற உயிருக்கு வழி விடவேண்டும் என்பது வழக்கம். குளிர் உள்ளே வந்தது. அவள் கழுத்துவரை போர்வையை ஏற்றிவிட்டார்.

அம்மாவுக்கு உடுத்த வேண்டியதை மறுநாள் கொண்டு வாருங்கள் என்று சவப்பெட்டிக் கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை சில்கே பாதிரியாரைப் பார்க்கப் போயிருந்தாள். எவால்ட் அலமாரிமுன் நின்றார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கு என்ன தேவை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நோட்டை எடுத்தார். இடப்பக்கத்தை மேலிருந்து கீழே படித்து, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்து, பென்சிலால் குறி போட்டுக்கொண்டே வந்தார். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று ஆனபின்தான் பெட்டியைப் பூட்டினார்.

கடைக்காரரின் மனைவி அதை மேசைமேல் திறந்தாள். மலையேறும் செருப்பு, மழைக்கோட்டு, வெயில் களிம்பு, சீட்டுக்கட்டு, ஞாயிறு பூசைக்கான கரும்பச்சை கவுன். எல்லாவற்றுக்கும் மேலே நீலக் குளியல் உடுப்பு.

"அப்பா, என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க?" என்றாள் சில்கே. பாதிரியார் வீட்டிலிருந்து நேரே வந்திருந்தாள்.

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. காது மடல்வரை சிவந்துபோயிற்று. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பச்சைக் கவுனை எடுத்து நீவிவிட்டு, இது நன்றாக இருக்கும் என்றாள். மற்றதையெல்லாம் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப் போனாள்.

"நீலத்தையும் வெச்சுக்கங்க," என்றார் எவால்ட். "காலடியில இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் சில்கே போனைக் கையில் எடுத்தாள். பூர்கியிடம் தானே சொல்லிவிடுவதாகவும், பாவம், வேறு யாருக்காவது அந்த அறை ஆகட்டும் என்றும் சொன்னாள். எவால்ட் சரி என்று தலையை ஆட்டினார். சொல்லிவிடுவதுதான் முறை. அவருக்குத் தனியாக அங்கே என்ன வேலை?

பெட்டியைப் பிரித்துச் சாமான்களை இருந்த இடத்தில் வைக்க நோட்டைத் தேடி எடுத்தார். இடப்பக்கம் முழுக்கக் குறி. வலப்பக்கத்தில் ஒரு குறிகூட இல்லை. காலுறை ஆறு ஜோடி. மாற்றுக் கால்சட்டை, அடியில் இரண்டு கோடு. கடைசி வரி, சுடுதண்ணிப் பை.

அந்த அறையின் கட்டிலில், மலைக்காற்றடிக்கும் ராத்திரிகளில், தன் குளிர்ந்த பாதங்களை அவள் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டு தூங்குவார். தவளையைக் கட்டிக்கொண்டு படுத்த மாதிரி இருக்கிறது என்று இருபத்தேழு வருடமும் திட்டினாள். ஒரு முறைகூடக் காலை நகர்த்திக்கொண்டதில்லை.

எவால்ட் அந்த வரியின்மேல் விரலை வைத்தார். உள்ளே சில்கே எண்களைச் சுழற்றும் சத்தம் கேட்டது.

"போனை வை, சில்கே. பூர்கிக்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"என்னன்னு?"

"ஒரு ஆளுன்னு."

அவள் ரிசீவரைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"கடைக்குப் போறப்ப சொல்லு," என்றார் அவர், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானும் வர்றேன். சுடுதண்ணிப் பை ஒண்ணு வாங்கணும்."