அடுத்த அறைக்காரரின் கணக்கு

கம்ப்யூட்டரைத் தர்க்கம் பேச வைப்பதுதான் அவள் தொழில். ஒரு கூற்று உண்மைதானா என்று தானே தேடி நிரூபிக்கும் புரோகிராம் ஒன்றை இளவயதிலிருந்தே எழுதித் திருத்தி வளர்த்து வந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ‘நிரூபணம்’ என்றே பட்டப்பெயர். “மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட ஆதாரம் கேப்பா” என்று கேலி செய்வார்கள்.

அடுத்த அறையில் கணிதப் பேராசிரியர். மூத்தவர் என்பதால் அண்ணா என்று கூப்பிடுவாள். ஒரே ஒரு கணக்கோடு ஆயுசு பூராவும் மல்லுக்கட்டிய மனிதர். டீ குடிக்கும்போதெல்லாம் அவளுக்கும் அதை விளக்குவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, சும்மா பார்ப்போமே என்று அந்தக் கணக்கைப் புரோகிராமிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அவரிடம் மூச்சுவிடவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் நிரூபணம் முடிந்திருந்தது. தலைகால் புரியாமல் கேன்டீனுக்கு ஓடினாள். அத்தனை பேர் நடுவில், “அண்ணா, உங்க கணக்கு முடிஞ்சிருச்சு!” என்று கத்தினாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “ஏன் அப்படி வருதுன்னு தெரிஞ்சுதாம்மா?”

“ஏன்னு எதுக்குண்ணா? லட்சக்கணக்கான வரி. எல்லாத்தையும் மெஷினே சரிபாத்துடுச்சு.”

“ரொம்ப சந்தோஷம்” என்று கைகுலுக்கினார். அன்று மாலையே தன் அறைக் கரும்பலகையைத் துடைத்துவிட்டார். அந்த வருஷமே விருப்ப ஓய்வில் போய்விட்டார்.

அவளுக்கு விருது வந்தது, பதவி உயர்வும் வந்தது. ஆனால் அந்த நிரூபணத்தைப் படித்துப் புரிந்துகொள்ள ஒருவராலும் முடியவில்லை. அதைவிடச் சற்றே பெரிய கணக்கைக் கொடுத்ததும் புரோகிராம் செக்குமாடாகச் சுற்றியது. அதற்கு வழிகாட்ட அந்த ‘ஏன்’ வேண்டியிருந்தது.

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்தாள். அவர் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னாள்.

“பாதி ‘ஏன்’ எங்கிட்ட இருந்துச்சும்மா. மெஷின்கிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மீதியை ரெண்டு பேரும் சேர்ந்து தேடியிருக்கலாம்.”

“இப்ப தேடலாமேண்ணா?”

“நானும் உக்காந்து பாத்தேன். முடிஞ்சுபோன கணக்குல மனசு நிக்க மாட்டேங்குது. உன்மேல கோபமில்லம்மா.”

அண்ணி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். வாசலில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். “எதுக்கும்மா? கணக்கு சரிதானே?” என்பார் என்று தோன்றியது. கேட்காமலே வந்துவிட்டாள்.

பெரிய கணக்கு அவள் ஓய்வு பெறும்வரை முடியவில்லை. அதுகூடப் பரவாயில்லை, கேட்காமல் வந்ததுதான் அவளைக் கடைசிவரை அரித்தது.