சுவரைத் தட்டிய வேட்பாளர்

1

இந்தக் கதை எனக்கு ஒற்றை வரியாகத்தான் கிடைத்தது, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். லேகோசில் என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து அக்காரா என்னும் பயறு வடையைத் தின்றுகொண்டே சொன்னார்: "இந்த வீட்டக் கட்டின ஆளு, எங்க பெரியம்மாகிட்ட ஓட்டு கேக்க வந்து, ஒரு கும்பிடு போடாம சுவரத் தட்டினாராம்."

அப்புறம் என்று கேட்டேன். "அது யாருக்குப்பா தெரியும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். மிச்சத்தை நான்தான் கட்டவேண்டியிருக்கிறது.

2

"கடற்கழிமேல் மூடுபனி கவிந்த ஒரு காலையில், ஃபிர்மினோ என்னும் கட்டடக் கலைஞர்..." [வேண்டாம். பனி இறங்கினால் என் கதைகளில் யாரும் வேலை செய்வதில்லை.]

ஃபிர்மினோ காலனி அரசுக்காக நீதிமன்றம் ஒன்றை வரைந்தார். திறப்பு விழாக் கல்லில் வெள்ளைக்கார மேலதிகாரியின் பெயர் இருந்தது. வேலையை உதறிவிட்டு நகரசபைத் தேர்தலில் நின்றார். [அவ்வளவு ரோஷக்காரரா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் கல்லைப் பார்த்துக்கொண்டு அவர் நின்ற நிற்பு என் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.]

3

அந்தப் பெரியம்மாதான் அபெகே, துணி வியாபாரி, விதவை. அன்று பெண்களுக்கு ஓட்டில்லை. ஆனால் அவள் கண்ணைக் காட்டினால் சந்தைக்காரிகளின் புருஷர்கள் அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள். அவள் புருஷனுக்காக ஃபிர்மினோ இளவயதில் கட்டிய முதல் வீடு இது.

கூடத்துக்குள் வந்தவர் அண்ணாந்து சுவரில் ஓடிய விரிசலைப் பார்த்தார். விரல் மடக்கிச் சுவரைத் தட்டினார்.

"நான் இங்க நிக்கிறேன் தம்பி. சுவரா உனக்கு ஓட்டு வாங்கித் தரப்போகுது?" என்றாள் அபெகே.

"விழுந்து கும்பிடுய்யா, அக்கா மூஞ்சியே மாறிப்போச்சு" என்று முணுமுணுத்தான் கூட வந்த அவர் மச்சான் லடிப்போ.

அந்த ஊர் வழக்கப்படி, மூத்தவர் முன் விழுவது போலவே ஃபிர்மினோ நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சுவரின் அடி கண்ணுக்கு நேரே வந்தது. உப்புப் பூத்து, பொருபொருவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. அவசரத்தில் கடற்கழியின் உப்பு மணலைக் கழுவாமல் போட்டுக் கட்டியவர் அவரேதான். ஒரு பெருமழை போதும். மாடியில், அதே சுவரோரம், அவள் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

"என்ன தம்பி, தரை அவ்வளவு சொகமாவா இருக்கு?"

4

ஒரு முடிவு: எழுந்து, "அக்கா, நான் தப்பாக் கட்டிட்டேன். பிள்ளைங்கள இன்னிக்கே வேற வீட்டுக்கு அனுப்புங்க" என்கிறார். சந்தையே சிரிக்கிறது. சொந்தச் சுவரை நிறுத்தத் தெரியாதவன் ஊரையா நிறுத்துவான்? தேர்தல் போயிற்று.

இன்னொன்று: எழுந்து, "வியாபாரம் எப்படிக்கா போகுது?" என்கிறார். ஜெயிக்கிறார். நகரசபையில் மழைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு

[இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.]

5

அந்தக் கூடம்தான் இப்போது என் அறை. கட்டில் அந்தச் சுவரோரம் கிடக்கிறது. அரைத்தூக்கத்தில் பார்த்தால் அவர் இன்னும் எழுந்திருக்காமல் தரையில் குப்புறக் கிடக்கிறார்.

மேலே சிமெண்ட் பூசி வண்ணம் அடித்துவிட்டார்கள். தட்டினால் தெரிந்துவிடும். பொதபொதவென்றால் பழைய சுவர், அவர் வாயைத் திறக்கவில்லை. கெட்டியாக ஒலித்தால் இடித்துக் கட்டியது, சொல்லிவிட்டார். பல நாள் கையைக் கொண்டுபோய்த் திருப்பி எடுத்துக்கொண்டேன். இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அதனால் பயமாக இருக்கிறது.

கடற்கழிமேல் மழை இறங்குகிறது. கதவு திறந்துதான் கிடக்கிறது, நீங்களே வந்து தட்டுங்கள். அதுவரை நான் கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.