குளியலறையில் பன்னிரண்டாவது ஆட்டக்காரர்

லிப்ட் மெக்கானிக்குக்கு இரண்டு விஷயங்களில் சந்தேகமே கிடையாது. ஒன்று, எந்த லிப்ட் எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும் உள்ளே இருப்பவரை அவர் பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிடுவார். இரண்டு, அவருடைய அணி கோல் போட வேண்டுமென்றால் அவருடைய மாமனார் பாத்ரூமுக்குள் இருக்க வேண்டும்.

முதலாவதை ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். மனுஷன் வேலையில் அவ்வளவு சுத்தம். புதிதாக வேலைக்கு வருபவர்கள் கையில் அவர் எடுத்தவுடன் ஸ்பேனரைக் கொடுப்பதில்லை. "உள்ள இருந்து ஒருத்தர் தட்டினா முதல்ல குரல் கொடு. நான் வந்துட்டேன், இங்கதான் இருக்கேன்னு சொல்லு. எப்படி இருக்கீங்கன்னு கேளு. மெஷினை அப்புறம் பாக்கலாம்" என்பார். இரண்டாவது விஷயத்தைக் கேட்டால் மட்டும் அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

எல்லாம் சீசன் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தது. அணி பின்தங்கியிருந்தது. மாமனார் ஓய்வுபெற்ற தையற்காரர். தன் மனைவி காலமான பிறகு மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவர். பந்து உருண்டையா சதுரமா என்றுகூடக் கவலைப்படாதவர். அவர் பாட்டுக்கு எழுந்து பாத்ரூமுக்குப் போனார். கதவைச் சாத்தியதுதான் தாமதம், கோல். வெளியே வந்து உட்கார்ந்தார், எதிரணி ஒன்று போட்டது. அடுத்த வாரம் வேண்டுமென்றே அனுப்பிப் பார்த்தார்கள். மறுபடியும் கோல். அதற்குப் பிறகு விஞ்ஞானியே வீட்டுக்கு வந்து விளக்கினாலும் மெக்கானிக் காதில் ஏறாது என்கிற நிலை. பலிக்காத வாரங்களும் இருக்கத்தான் செய்தன. அதற்கெல்லாம் காரணம் கைவசம் இருந்தது. மாமா தாழ்ப்பாளைச் சரியாகப் போடவில்லை, மாமா அவசரப்பட்டு வந்துவிட்டார், மாமா உள்ளே தும்மிவிட்டார்.

மாமனாரும் முதலில் விளையாட்டாகத்தான் போனார். பிறகு அவருக்கே அது பிடித்துப்போயிற்று. மகள் வீட்டில் காய் நறுக்கப் போனால் "விடுங்கப்பா" என்பாள். துணி மடிக்கப் போனால் "நீங்க உக்காருங்கப்பா" என்பாள். வாரம் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற மனுஷனுக்குச் சனிக்கிழமை மட்டும் ஒரு கிராக்கி. அன்று காலையே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொள்வார். பாத்ரூமில் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், படிக்க ஒரு பத்திரிகை. டீவியில் அணியின் பெயரைப் பன்னிரண்டாவது முறை சொன்னால்கூட அவருக்கு அடையாளம் தெரியாது, ஆனால் தெருவில் யாராவது கேட்டால் "நேத்து ரெண்டு கோல் நான் போட்டேன்" என்று பதில் சொல்லுவார்.

வெளியே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. அதற்கும் ஓர் ஏற்பாடு. உள்ளேயிருந்து கதவைத் தட்டுவார். கோல் விழவில்லையென்றால் மெக்கானிக் "இன்னும் இல்ல மாமா" என்று கத்துவார். விழுந்திருந்தால் "போட்டாச்சு மாமா" என்பார். இந்த வீட்டில் பாத்ரூம் கதவு தட்டப்பட்டால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் தப்பிக்கலாம். டிரா ஆனாலும் போயிற்று, அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். அந்த வாரம் முழுக்க மெக்கானிக்குக்குச் சோறும் இறங்கவில்லை, காதில் பேச்சும் ஏறவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி சனிக்கிழமை மதியம் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை மாத்தியிருக்காங்க. சட்டுன்னு எழுந்தா தலை சுத்தும். இன்னைக்கு அந்தக் கூத்து வேணாம்."

"நான் பாத்துக்கறேன், நீ போ."

"எதைப் பாத்துப்பீங்க, டீவியையா?"

"மாமாவைத்தான். சத்தியமா."

அந்த நேரத்தில் அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆட்டம் ஆரம்பிக்காதவரை அவரைப் போல நியாயஸ்தன் கிடையாது.

பக்கத்து வீட்டு டாக்ஸி டிரைவர் வந்து சோபாவில் பாதியைப் பிடித்துக்கொண்டான். எதையும் இரண்டு முறை சொல்லுவான் என்பதால் அவனுக்கு ரீப்ளே என்று பெயர். மாமனார் சாப்பாட்டு மேஜையருகே டீவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பட்டன் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். முதல் பாதியிலேயே எதிரணி கோல் போட்டது. இரண்டாம் பாதியிலும் மெக்கானிக்கின் ஆட்கள் பந்தை இங்கேயும் அங்கேயும் தட்டிக்கொண்டிருந்தார்களே தவிர, கோல் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. மெக்கானிக் நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்துவிட்டார்.

மாமனார் டீவியைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"மாப்ள, நான் போகட்டுமா?"

"வேணாம் மாமா. அவ சொல்லிட்டுப் போயிருக்கா."

"அவங்க சொன்னது மதியம். இப்ப நிலைமை வேற, நிலைமை வேற" என்றான் ரீப்ளே.

"தலையெல்லாம் சுத்தல மாப்ள. கல்லு மாதிரி இருக்கேன்."

"நெஜமா?"

"நெஜமாத்தான்."

மெக்கானிக் அவர் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். எழுந்து நின்றபோது மேஜை விளிம்பைப் பிடித்த கையைப் பார்த்திருந்தாலும் போதும். கண் டீவியில் இருந்தது. "சரி மாமா, கொஞ்ச நேரம்தான்" என்றார்.

தாழ்ப்பாள் விழுந்தது. ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வழக்கமான தட்டல். "இன்னும் இல்ல மாமா." மறுபடி தட்டல். "இல்ல மாமா, இல்ல." அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒரு நேரத்தில், ஓரத்திலிருந்து வந்த பந்து நம் ஆளின் முழங்காலில் பட்டு உள்ளே உருண்டது. மெக்கானிக்கும் ரீப்ளேயும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே அண்ணாந்து பார்த்திருப்பார்கள். டீவியில் ஒரு லட்சம் பேர் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் பாத்ரூமுக்குள் ஸ்டூல் கவிழ்ந்தது யார் காதிலும் விழவில்லை.

தட்டல் கேட்டது.

"போட்டாச்சு மாமா. வெளிய வந்துடாதீங்க, இன்னும் ஒண்ணு வேணும்."

மறுபடி தட்டல்.

"இருங்க மாமா, இருங்க."

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்குள் வைத்து நம் ஆளை எதிரணித் தடுப்பாட்டக்காரன் தள்ளிவிட்டான். பெனால்டி. ரீப்ளே சோபாவிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். பந்தைப் புள்ளியில் வைத்தார்கள். நடுவர் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினார். மைதானமே வாயைப் பொத்திக்கொண்டது. ஒரு சீசன் முழுவதும் காத்திருந்த நொடி அது.

அப்போது இன்னொரு தட்டல்.

மெக்கானிக்கின் வாயில் "இருங்க மாமா" வந்துவிட்டது. பாதியில் நின்றது. இத்தனை வருஷம் மூடிய கதவுகளுக்கு வெளியே நின்று பழகிய காது அது. நிற்கிறவர் மார்பு உயரத்தில் தட்டுவார். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் இடுப்பு உயரத்தில் தட்டுவார். இந்தத் தட்டல் கதவின் அடியிலிருந்து வந்தது. அப்படித் தட்டுகிறவர் தரையில் கிடக்கிறார்.

மெக்கானிக் எழுந்தார்.

"டேய், அடிக்கப்போறான்டா, அடிக்கப்போறான்டா" என்றான் ரீப்ளே.

"மாமா விழுந்துட்டாரு. என் டூல்ஸ் பையை எடு."

"மாமா, நான் வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்" என்று கதவோடு வாயை வைத்துச் சொன்னார். உள்ளேயிருந்து ஏதோ முனகல். "அசையாதீங்க. எங்க அடிபட்டிருக்கு, சொல்லுங்க." கை, என்றது குரல். கதவு வெளிப்பக்கம் திறப்பது, கீல்கள் இந்தப் பக்கம் இருந்தன. ஸ்க்ரூடிரைவரைக் கீல் ஆணியின் அடியில் கொடுத்து, சுத்தியலால் மேல்நோக்கித் தட்டித் தட்டி ஆணிகளை உருவினார். வாய் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. "ஒண்ணு வந்துடுச்சு மாமா. இன்னும் ஒண்ணுதான். கண்ணைத் திறந்தே வெச்சிருங்க." முதுகுக்குப் பின்னால் டீவி பெரிதாக என்னவோ கத்தியது. இரண்டு பேரும் திரும்பவில்லை. அதை வீரம் என்றெல்லாம் சொல்ல வேண்டாம், திரும்பத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கதவைப் பிடுங்கிச் சுவரில் சாய்த்தார்கள். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் நெற்றி ரத்தத்தோடு ஈரத்தரையில் கிடந்தார்.

ரீப்ளேயின் டாக்ஸியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கட்டில் விரிசல், நெற்றியில் தையல், உயிருக்கு ஒன்றுமில்லை. மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டும், நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். மனைவி கடை உடுப்போடு ஓடி வந்தாள். அப்பாவைத் தொட்டுப் பார்த்து, டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கணவன் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு நேரம் கீழ கெடந்தாரு?"

"முதல் கோல்லேருந்து பெனால்டி வரைக்கும்" என்றார் மெக்கானிக். அதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. "மூணு தடவை தட்டினாரு. ரெண்டு தடவை இருங்கன்னு கத்தினேன். நான்தான் அனுப்பினேன். தப்பு என் மேலதான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. "பெனால்டி அடிச்சு முடிச்சப்புறம் கதவைத் திறந்திருந்தீங்கன்னா நான் உங்ககூட பேசியே இருக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, டீ வாங்கப் போனாள். அவருக்கு அந்த நேரத்தில் திட்டு வாங்கியிருந்தால் தேவலை போலிருந்தது.

நடைபாதையில் ரீப்ளே நின்றிருந்தான். போன் கையில் இருந்தது, முகம் தொங்கியிருந்தது.

"வெளிய அடிச்சுட்டான்" என்றான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

மெக்கானிக் சுவரில் சாய்ந்துகொண்டார். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அடுத்த சீசன் பாதி காலி மைதானங்களில், பேர் தெரியாத அணிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் அந்த வலி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் தரையில் கிடந்த மனிதரைப் பார்த்தபோது நெஞ்சில் விழுந்த அடி வேறு, இது வேறு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகூட இல்லை. இதைத் தாங்கிக்கொள்ளலாம், நன்றாகவே தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. உள்ளே போனார்.

மாமனார் கட்டுப்போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துப் படுத்திருந்தார்.

"மாப்ள, என்ன ஆச்சு? ஜெயிச்சோமா?"

"இல்ல மாமா. இறங்கிட்டோம்."

கிழவரின் கண் கலங்கிவிட்டது. "நான் வெளிய வந்ததாலதான?"

நேற்று இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் மெக்கானிக் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். "மாமா, அந்த முட்டாள் பந்தை வானத்தைப் பாத்து ஒதைச்சான். அதுக்கும் நம்ம வீட்டு பாத்ரூமுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்ப முன்னாடி நான் போட்டதெல்லாம்?"

"அதுக்கும் இல்ல மாமா."

மாமனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்து அவரிடம் இருந்த ஒரே வேலையையும் பிடுங்கிவிட்டோம் என்பது மெக்கானிக்குக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப்போட்டார்.

"ஆனா அடுத்த சீசன்ல சனிக்கிழமை நீங்க இல்லாம ஆகாது. சோபாவுல, என் பக்கத்துல. ரீப்ளே வேணும்னா தரையில உக்காரட்டும்."

"எனக்கு என்ன தெரியும் மாப்ள அதுல?" என்றார் மாமனார். "சீசன் பூரா அந்த ரூம்லதான் இருந்தேன். ஒரு கோல்கூட நான் பாத்ததில்லையே."

மெக்கானிக் அப்போதுதான் கணக்குப் பார்த்தார். ஒரு சீசன் முழுக்க தன் சந்தோஷத்துக்காக ஒரு மனிதரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்திருக்கிறார். அவரும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார்.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அன்றைய கோலைத் தேடி, மாமனாரின் முகத்துக்கு நேரே பிடித்தார். ஓரத்திலிருந்து பந்து வந்தது. ஒருவன் வழுக்கினான். இன்னொருவன் முழங்காலில் பட்டது. கோல்கீப்பரைத் தாண்டி மெதுவாக உருண்டு போய் வலையைத் தொட்டு நின்றது.

மாமனார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதுக்காகத்தான் நான் ஸ்டூலை விட்டுக் குதிச்சு எழுந்தேனா?"

"ஆமா மாமா."

"இவ்வளவுதானா மாப்ள?"

வேறு யார் இப்படிக் கேட்டிருந்தாலும் மெக்கானிக் சட்டைக் காலரைப் பிடித்திருப்பார்.

"இவ்வளவுதான் மாமா" என்றார்.

மாமனார் நல்ல கையால் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடுங்க."