ஏழாம் எண் கட்டில்

ஏழாம் எண் கட்டிலில் படுத்த ஸ்ரீஹரி மறுநாள் காலை விஜயவாடாவில் தன் அம்மா வீட்டுக் கூடத்தில் விழித்தான். அப்போது சாந்தோம் மாதாகோயில் சந்து விடுதியின் பொது அறையில் இருந்தவர்கள்: போபாலிலிருந்து வந்த ஓவிய மாணவி ஜோயா, ஒன்றாம் எண், லியோன் நகரத்து வாத்தியார் ஒருவர், மூன்றாம் எண், வேலை நேர்காணலுக்கு வந்த சேலத்து அண்ணன் தம்பி இருவர், நான்கும் ஐந்தும், மேலாளர் குருபிரசாத், படுக்கை விரிப்பு மாற்ற வந்த முத்தம்மா. இரண்டும் ஆறும் காலி. ஸ்ரீஹரியின் பை, செருப்பு, சார்ஜர் எல்லாம் இருந்தன. ஒன்பது மணிக்கு அவன் விஜயவாடாவிலிருந்து போன் செய்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷை எறிந்துவிட்டு மற்றதைக் கூரியரில் அனுப்பச் சொன்னான். குருபிரசாத் அப்படியே செய்தான்.

அந்த வீட்டை நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்கார வக்கீல் கட்டினார். பிறகு அது சோடாக் கம்பெனிக் கிடங்காகவும் டைப்ரைட்டிங் வகுப்பாகவும் இருந்து, கடைசியில் அபிராமபுரத்து கல்யாணராமன் கைக்கு வந்தது. ஆணி இறங்காத இரண்டடிச் சுவர், ஆள் உயரத்துக்கு ஜன்னல், நடுவில் யாருக்கும் உதவாத ஒரு தூண். அவர் அறைக்கு மூன்று இரண்டடுக்குக் கட்டில்கள் போட்டார். தூண் மறித்த மூலையில் நான்காவது நுழையவில்லை. வீட்டோடு வந்த பழைய ஒற்றை இரும்புக் கட்டிலை அங்கே போட்டு ஏழு என்று எண் ஒட்டினார். குறைந்த வாடகையில் கடற்கரையும் கபாலி கோயிலும் நடக்கிற தூரத்தில் வேண்டும் என்பவர்கள் வந்தார்கள். அந்த மாதிரி விடுதிகள் எல்லாவற்றிலும் இருக்கும் விதி இங்கும் இருந்தது: சென்னை முகவரி போட்ட அடையாள அட்டைக்கு இடம் கிடையாது. சொந்த ஊரில் வீடு இருக்கிறவன் விடுதிக்கு எதற்கு வருகிறான் என்ற சந்தேகம்தான் காரணம்.

ஸ்ரீஹரிக்குப் பிறகு ஒரு வருடத்தில் பதினோரு பேர் அந்தக் கட்டிலிலிருந்து வீட்டுக்குப் போனார்கள். லியோன் வாத்தியார் இரண்டாம் முறை வந்தபோது வேறு இடம் இல்லாமல் ஏழில் படுத்து, நாட்டை விட்டு வெளியேறிய முத்திரை எதுவும் இல்லாமல் லியோனில் எழுந்தார். அதை விசாரிக்க ஒரு அதிகாரி வந்து, கட்டிலின் நான்கு காலையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் கடைசி நாளில் ஏழுதான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். இணையத்தில் ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் மாறி மாறி விழுந்தன. கட்டில் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தவள் ஜோயா. அவள் குடும்பம் வீடு மாறி மூன்று வருடம் ஆகியும் அவள் அட்டையை மாற்றவில்லை. ஒரு ராத்திரி ஏழில் படுத்தவள் காலையில் போபாலில் பழைய வீட்டில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேஜைக்கடியில் விழித்தாள். அவர்கள் டீ கொடுத்து அனுப்பினார்கள். கட்டிலுக்கு ஆள் முக்கியமில்லை, அட்டையில் இருக்கும் முகவரிதான் கணக்கு என்று அவள் குருபிரசாத்துக்கு எழுதினாள்.

முத்தம்மா விடுதி திறந்த நாளிலிருந்து வேலை செய்பவள். வயது ஐம்பத்து மூன்று, புருஷன் செத்துப் பன்னிரண்டு வருடம். அடையாற்றங்கரையில் எல்லையம்மன் திட்டில் பத்தடிக்கு ஒன்பதடி வீட்டில் இருந்தாள். திட்டில் இருந்த நூற்றுப் பதினெட்டு வீடுகளையும் இடித்து, ஆற்றோரம் பூங்கா போட்டு வேலி கட்டினார்கள். அவளுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் எட்டாவது மாடி கிடைத்தது. லிப்ட் ஓடும் நாளும் உண்டு. காலை ஆறு மணி வேலைக்கு நாலு மணிக்கு எழுந்து, மாடி இறங்கி, இரண்டு பஸ் மாறி வந்தாள். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு மாதத்தில் ஒன்பது நாள் தாமதம். பத்தாவது நாள் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று குருபிரசாத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் அட்டையில் இன்னும் எல்லையம்மன் திட்டு முகவரிதான் இருந்தது.

விடுதியில் பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், ஒரு மணிக்குத்தான் புதியவர்கள் வருவார்கள். இடையில் அறை முத்தம்மாவுடையது. ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தவள் ஏழாம் எண் கட்டிலில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவு. விழித்தபோது பூங்காவுக்குள் புல்லின் மேல், எண் தகடு கட்டிய இரண்டு புங்கங்கன்றுகளுக்கு நடுவே கிடந்தாள். எதிரே காவலாளி நாகராஜ் விசிலை வாயில் வைத்தபடி நின்றான். பட்டினப்பாக்கத்துக்காரன், நாற்பது வயது.

"யக்கா, இன்னா இது? எப்டி உள்ள வந்த?"

"வர்ல. தூங்கினேன்."

"தூங்கினா உள்ள வந்துருவியா? நான் டூட்டில டெய்லி தூங்கினுதான் கீறேன், கேட்டாண்டகூட போனதில்ல."

உள்ளே வருகிறவர்கள், வெளியே போகிறவர்களின் நேரத்தை நோட்டில் எழுதுவது அவன் வேலை. உள்ளே வந்த நேரம் எழுதாத ஆளுக்கு வெளியே போன நேரம் எப்படி எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்தான். முத்தம்மா வெறுங்காலோடு நடந்து சாந்தோம் போய்ச் சேர்ந்தபோது செருப்பு கட்டிலுக்கடியில் இருந்தது. வியாழக்கிழமை மறுபடியும் கண் அசந்தாள். இந்த முறை புல் இல்லை. அவள் வீட்டுச் சிமெண்ட் தரை இருந்தது, பத்துக்கு ஒன்பது, அம்மி போட்டு விரிசல் விட்ட மூலையோடு. அதை அவள் தடவிப் பார்க்கவில்லை, அழவில்லை. கன்றுகள் எங்கே என்று நாகராஜைக் கேட்டாள். நாலடி தள்ளி நிற்கிறது, அதுவாகப் போயிருக்கிறது என்றான் அவன்.

அதன்பின் அவள் தெரிந்தே படுத்தாள். மூன்றாம் முறை மூன்று சுவர்கள் வந்தன, 2015 வெள்ளம் நின்ற கோட்டோடு. நான்காம் முறை வாசல் பக்கத்துச் சுவர், கதவுக்கு இடம் விட்டு. ஐந்தாம் முறை ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வீட்டுக்கு அனுப்புவது கட்டிலின் வேலை. வீடு இல்லாத முகவரிக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்ப முடிந்தது போலும். நாகராஜ் நோட்டில் "கூரை ஒன்று, வாசல் வழியாக வரவில்லை" என்று எழுதி மேலே அனுப்பினான். மேலே யாரும் அதைப் படிக்கவில்லை. நடைப்பயிற்சிக்காரர்கள் ஒரு வாரம் வீட்டைச் சுற்றி நின்று பார்த்தார்கள், அப்புறம் வீட்டைச் சுற்றி நடந்தார்கள்.

இந்த நேரத்தில் இரண்டு கெடுக்கள் சேர்ந்து வந்தன. அடுக்குமாடி வாரியத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்குள் அட்டையில் புது முகவரி போட வேண்டும், போடாதவர்களின் ஒதுக்கீடு ரத்து என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கல்யாணராமனோ ஒரு நட்சத்திரங்கள் பொறுக்காமல், ஏழாம் எண் கட்டிலைச் சனிக்கிழமை பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுவதாக முடிவு செய்தார். முத்தம்மா அதில் தூங்குவதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"ரூல்னா ரூல்தான் குரு. உள்ளூர்க்காரா ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"அவங்க உள்ளூரான்னு தெரியல சார். அட்டைல இருக்கற முகவரில இப்போ வீடே இல்ல. அப்படி ஒரு எடமே இல்லன்னு கவர்ன்மென்ட்டே பேப்பர் குடுத்திருக்கு."

"இல்லேன்னு எழுத்துல இருக்கா?"

"இருக்கு சார். ஜெராக்ஸ் வெச்சிருக்கேன்."

கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லாத ஊர்லேர்ந்து வந்தவா எப்படி உள்ளூராவா? ரிஜிஸ்தர்ல ஏத்திடு. ஆனா சனிக்கிழமை கட்டில் போயிடும், அதுல மாத்தமில்லே." அப்படித்தான் முத்தம்மா தான் பெருக்கும் விடுதியில் விருந்தாளியானாள். அவள் பெயருக்கு எதிரே, எங்கிருந்து வருகிறார் என்ற இடத்தில் குருபிரசாத் ஒரு கோடு போட்டான்.

வெள்ளிக்கிழமை சமுதாயக் கூடத்தில் முகாம். அதிகாரி மாளவிகாவுக்கு முப்பது வயதிருக்கும். காலையிலிருந்து முந்நூறு பேரிடம் கைரேகை வாங்கியதில் குரல் கட்டியிருந்தது. புது முகவரிக்கு விரல் வைத்தால் எட்டாம் மாடி நிச்சயம், கட்டில் அங்கேதான் கொண்டுபோய்ப் போடும், வேலை போகும். வைக்காவிட்டால் எட்டாம் மாடி போகும், கையில் இருப்பது கதவில்லாத ஒரு வீடு. முத்தம்மா இயந்திரத்துக்கு முன் விரலை மடக்கி வைத்துக்கொண்டாள்.

"அந்த வூடு திரும்ப வந்துகீது மேடம். போய்ப் பாருங்க."

"பார்த்தேம்மா, நேத்தே போயிருந்தேன். என் படிவத்துல சுவர், கூரை, பூட்டக்கூடிய கதவு, மூணும் கேக்கறாங்க. கதவு இல்லாததைக் கொட்டகைன்னுதான் எழுத முடியும். கொட்டகைன்னா எடுத்துடுவாங்க."

"கதவு நாளிக்கு வந்துரும்."

"வரலைன்னா? ரெண்டுமே போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க, நாலு மணி வரைக்கும் இருப்பேன்."

பின்னால் வரிசையில் நின்ற ஜோதிலட்சுமி, திட்டில் அவளுக்கு மூன்றாவது வீடு, "ஏய், இன்னா யோசிக்கிற? விரல வெச்சிட்டுப் போவியா! லிப்ட் இல்லன்னா இன்னா, மூட்டு தேயும். திட்டுல இருந்தா மட்டும் வளருமா?" என்றாள். வரிசை சிரித்தது. முத்தம்மாவும் சிரித்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டாம் மாடிச் சாவியை மேஜை மேல் வைத்தாள். மாளவிகா அதை உறையில் போட்டு எண் எழுதினாள். திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னாள். அன்றிரவு முத்தம்மா கதவில்லாத வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாகராஜ் வாசலுக்குக் குறுக்கே தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை பத்தே கால் மணிக்கு அவள் கட்டிலில் படுத்தாள். பதினொன்றுக்கு இரும்புக்காரர் வருவார். பன்னிரண்டு வருடமாகப் பஸ்ஸில் நின்றுகொண்டும், ரேஷன் வரிசையிலும், ஒரு முறை துணி அலசும்போதும் தூங்கியவளுக்கு அன்று தூக்கம் வரவில்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்தும் வரவில்லை. குருபிரசாத் ஏசி போட்டான், திரை இழுத்தான், வெளியே காக்காயைக்கூட விரட்டினான். அறை அவ்வளவு அமைதியாக அதற்கு முன் இருந்ததில்லை. பதினொன்றுக்கு இரண்டு பேர் சுத்தியலோடு வந்தார்கள். குருபிரசாத் டீ வாங்கிக் கொடுத்தான், வடை வாங்கிக் கொடுத்தான், கிரிக்கெட் பேசினான். பன்னிரண்டுக்கு மேல் அவர்கள் நிற்கவில்லை. வண்டி வெயிலில் நிற்கிறது என்றார்கள்.

"அந்தம்மா படுத்துனுகீது சார்."

"அவங்க கெஸ்ட். எழுப்பக் கூடாது. தலைமாட்டுலேர்ந்து கழட்டுங்க."

துருப்பிடித்த போல்ட் கழலவில்லை. ஒருவன் பிடித்துக்கொள்ள மற்றவன் ஓங்கி அடித்தான். அடுத்த வீட்டு நாய் குரைத்தது, தெருவில் ஒரு ஆட்டோ ஹாரனை அழுத்தியபடி நின்றது, அடித்தவன் தன் மச்சானைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். திட்டில் அவள் ஐம்பது வருடம் இப்படித்தான் தூங்கியிருந்தாள். நான்காவது அடியில் வாய் திறந்துகொண்டது, ஏழாவது அடியில் குறட்டை வந்தது. தலைமாட்டுச் சட்டம் கையோடு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. இரும்புக்காரர்கள் விரிப்பை மடித்து குருபிரசாத்திடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தையும் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள்.

பூங்காவில் முத்தம்மா கண்ணைத் திறந்தபோது வெளிச்சம் குறைவாக இருந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த தகரக் கதவு சாத்தியிருந்தது. இடித்த அன்று லாரியில் போனதே, அதே கதவு. வெளியே நாகராஜ் தட்டினான். "யக்கா, கீறியா? என் நாற்காலி உள்ள மாட்டிக்கிச்சுக்கா." கதவைத் திறந்து நாற்காலியைக் கொடுத்தாள். இரும்புக் கடையில் அந்தக் கட்டிலின் மேல் பலர் உட்கார்ந்தார்கள், ஒருவர் படுத்தும் பார்த்தார். யாரும் எங்கும் போகவில்லை.

மாளவிகா திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே வந்தாள், வெயிலுக்கு முன் முடித்துவிட. சுவரைத் தட்டினாள், கூரையை அண்ணாந்து பார்த்தாள், இரண்டு இடத்தில் "உண்டு" என்று எழுதினாள். எப்போது கட்டியது என்ற இடத்தில் முத்தம்மா சொன்னபடி 1994 என்று போட்டாள். மின் இணைப்புக்குத் தனி மனு கொடுக்க வேண்டும் என்றாள். பிறகு, பூட்டிக் காட்டுங்கள், அதையும் பார்க்க வேண்டும் என்றாள். ஆறு மணி வேலைக்கு நேரமாகியிருந்தது. முத்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மந்தைவெளியில் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய பூட்டு புதிது, கொஞ்சம் இறுக்கம். கதவை இழுத்துச் சாத்தி, இரண்டு முறை திருப்பிப் பூட்டினாள்.