கால் டாக்டர்

பெரியப்பாவின் கால் கட்டைவிரலை அவள் லேசாகத் தொட்டதுமே அவர், "ஐயோ, செத்தேன்!" என்று அலறினார். முன்னறையில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நிஜமாகவே செத்துப்போயிருந்த அம்மா மட்டும் அங்கே அசையாமல் கிடந்தாள்.

"எப்போலேர்ந்து இப்படிச் செவந்து வீங்கியிருக்கு, பெரியப்பா?"

"முந்தாநாள்லேர்ந்துமா. போர்வை பட்டாக்கூட உயிர் போகுது."

"யூரிக் ஆசிட்டா இருக்கும். ரத்தம் டெஸ்ட் பண்ணி டாக்டர்கிட்ட காட்டுங்க. கறியையும் மத்ததையும் நிறுத்துங்க."

"மத்ததுன்னா?" என்றார் பெரியப்பா, ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளைபோல. பெரியம்மா அவரை முறைத்தாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். சொந்தக்காரர்களுக்கு அது வாயில் நுழையாததால் 'கால் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அண்ணன் போனில் சொன்னதும், கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்தாள். வந்து என்ன? ஆட்களின் தோளுக்கு மேலாக அம்மாவின் முகத்தைப் பார்த்ததோடு சரி. "கூட்டம் கொறையட்டும், அப்புறம் பக்கத்துல உக்காந்துக்கோ. அதுவரைக்கும் பெரியப்பா காலைக் கொஞ்சம் பாரு" என்று அண்ணன் அவளைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டான்.

அவளுக்கு வேண்டியது ரெண்டே நிமிஷம். யாரும் குறுக்கே வராமல் அந்தக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அம்மா உயிரோடு இருந்தபோதும் அது வாய்த்ததில்லை. லீவில் வந்தால் அம்மாவே தெரு ஜனத்தையெல்லாம் கூட்டி வைத்திருப்பாள். எம்பொண்ணு கைராசிக்காரி என்று பெருமை வேறு. கால்களையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். "ஒன்கூட பேசவே முடியலையேடி" என்று பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அம்மா குறைப்படுவாள். யாரால் முடியவில்லையாம்!

எழுந்து கதவுவரை போனாள். துக்கத்துக்கு வந்திருந்த எதிர்வீட்டுத் தையல்காரர் வழி மறித்தார். "மூட்டு தேஞ்சுபோச்சுங்கறாங்கம்மா. மாடியேறி எறங்கினா கடகடங்குது."

"தொடைக்குப் பயிற்சி பண்ணுங்க. தொடை வலுவானா மூட்டுக்குப் பாரம் கொறையும்."

"எப்படின்னு ஒருதடவை செஞ்சு காட்டிட்டீங்கன்னா..."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று சும்மாவா சொன்னார்கள்! நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினாள். அவர் போனதும் சித்தி வந்து அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அம்மாவுடைய ஒரே தங்கை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"எங்கக்கா என்னை அனாதையாக்கிட்டுப் போயிட்டாளே! காலைல மொத அடி வைக்க முடியலடி, குதிகால்ல ஆணி ஏறுறாப்பல இருக்கு" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

அவள் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, சித்தியின் பாதத்தை மடியில் வாங்கிக்கொண்டாள். விரல்களைப் பின்னால் வளைத்து, குதிகாலிலிருந்து கட்டைவிரலால் அழுத்தினாள். "உள்ளங்கால் தசைநார் இறுகியிருக்கு. எந்திரிக்கறதுக்கு முன்னாடி இப்படி இழுத்துவிடுங்க. வெறுங்காலோட நடக்காதீங்க. சித்தி, நான் அம்மாகிட்ட போகணும்."

"போலாம்டி. அவ எங்க ஓடிடப்போறா? இன்னுங்கொஞ்சம் அழுத்து, நல்லா இருக்கு."

அவளுக்கு அந்தப் பாதத்தைக் கடித்துவிடலாம்போல் ஆத்திரம் வந்தது. விரல்கள் பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தன.

வாசலில் வண்டி வந்து நின்றது. "எல்லாரும் பாத்தாச்சா?" என்று அண்ணன் கேட்டான். "பாத்தாச்சு, தூக்குங்க" என்றார் யாரோ.

"அண்ணா, இருங்க!" என்று கத்தினாள். சட்டென்று பெருகிய அழுகைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. சித்தியின் காலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மடங்கியிருந்த வலது கால் தொடைவரை மரத்துப்போயிருந்தது. ஊன்றினாள், துணிபோல மடிந்தது. சுவரோரமாக விழுந்தாள்.

"அக்கா!" என்று அலறிக்கொண்டு சித்தி வாசலுக்கு ஓடினாள். குதிகாலை நன்றாக ஊன்றித்தான் ஓடினாள்.

முன்னறை காலியானது. வண்டியின் கதவைச் சாத்துவது கேட்டது. கூட்டத்தோடு போக முடியாமல் தங்கிவிட்ட பெரியப்பா, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கதவோரம் நின்றார்.

"என்னம்மா, ஒனக்கும் காலா?"

அவள் தலையாட்டினாள். இரண்டு கைகளாலும் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.